கதவுக்குப் போலீஸ், காதுக்குக் கைகுலுக்கலா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அடங்காத மாணவர்களை நேரே போலீஸில் ஒப்படைத்துவிட வேண்டும், நான்கு பேர் உள்ளே போனால்தான் மற்றவர்கள் திருந்துவார்கள் என்ற கருத்தில் சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் பள்ளிப் பிள்ளை ஒருவன் நீதிமன்றத்துக்கு வந்தால் அங்கே என்ன நடக்கிறது என்பதை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. சிறார் நீதிமன்றம் மூடிய கதவுக்குள் நடப்பது. நான் அந்தக் கதவுக்கு உள்ளே நின்றவள். பினாங்கு லைட் ஸ்திரீட்டில் உள்ள நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறேன்.

முதலில் ஒன்று. மாணவர்களின் தவறுகளுக்குக் குற்றவியல் தண்டனை வேண்டுமா, வேண்டாமா என்று நாம் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறோம். சட்டம் நமக்காகக் காத்திருக்கவில்லை. மலேசியாவில் பத்து வயது நிரம்பிய பிள்ளையின் மீது குற்றம் சாட்டலாம். அது பழைய சட்டம். புதியது, 2025 ஜூலை 11ஆம் தேதி நடப்புக்கு வந்த தண்டனைச் சட்டத் திருத்தம். 507பி முதல் 507ஜி வரையிலான பிரிவுகள் பகடிவதையை, அதாவது ஒருவரை மிரட்டியும் இழிவுபடுத்தியும் துன்புறுத்துவதை, குற்றமாக்கின. அது எதனால் வந்தது என்பது தமிழ் வாசகர்களுக்கு மறந்திருக்காது. 2024 ஜூலையில் சமூக ஊடகத்தில் இழிவுபடுத்தப்பட்ட நம் இனப் பெண் ஒருவர் கோலாலம்பூரில் உயிரை மாய்த்துக்கொண்டார். குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 100 வெள்ளி (ரிங்கிட்). 1955ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டத்தில், அவர் மீது சாட்டப்பட்ட பிரிவில் அதற்கு மேல் இடமிருக்கவில்லை. அந்த நூறு வெள்ளி நம் எல்லார் வயிற்றையும் எரித்தது. ஆகவே திருத்தம் வந்தபோது நானும் மகிழ்ந்தேன்.

ஆனால் அந்தப் பிரிவுகளை நிதானமாகப் படித்துப் பாருங்கள். மிரட்டும் சொல், வசைச்சொல், அவமதிக்கும் சொல், அதனால் ஒருவருக்கு மனவேதனையோ அச்சமோ உண்டாவது. 507சி-யின் கீழ் ஓராண்டு வரையிலும் 507பி-யின் கீழ் மூன்றாண்டு வரையிலும் சிறை. இந்த வலைக்குள் சிக்காத இரண்டாம் படிவ (பதினான்கு வயதுப் பிள்ளைகளின்) வகுப்பறை ஒன்றை எனக்குக் காட்டுங்கள் பார்க்கலாம். சட்டம் நடப்புக்கு வந்த மறுமாதமே, சபாவில் பதின்மூன்று வயது மாணவி ஒருவரின் மரணத்தைத் தொடர்ந்து, கோத்தா கினபாலுவில் ஐந்து பதின்ம வயதுப் பெண்கள் 507சி-யின் கீழ் குற்றம் சாட்டப்பட்டார்கள். அந்த வழக்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நீதிமன்றத்தில் இருப்பதை வெளியே பேசாதது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம் உண்மையிலேயே பரிவுள்ள சட்டம். மாஜிஸ்திரேட்டுக்கு இரு பக்கமும் இரண்டு ஆலோசகர்கள் அமர்வார்கள். ஒருவர் பெண்ணாக இருந்தாக வேண்டும். பிள்ளையின் பெயரையோ பள்ளியையோ படத்தையோ பத்திரிகை வெளியிடக் கூடாது. குற்றச்சாட்டை அவன் வயதுக்கும் அறிவுக்கும் எட்டும் எளிய சொற்களில் விளக்க வேண்டும். பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவனைச் சிறைக்கு அனுப்ப முடியாது. அதற்கு மேற்பட்டவனையும், வேறு வழி இருந்தால் அனுப்பக் கூடாது. எனவே வாசகர் நினைப்பதுபோல் எவனும் சுலபமாக உள்ளே போவதில்லை.

பிறகு என்னதான் நடக்கிறது? அலைச்சல் நடக்கிறது. கைதானவனை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நீதிமன்றத்துக்குக் கொண்டுவருவார்கள். ஜாமீன் சொல்வார்கள். நான் வேலை பார்த்த காலத்தில், அம்மா வங்கிக்கு ஓடிப்போய், கணக்குத் திறந்து, பணத்தைப் போட்டு, சேமிப்புப் புத்தகத்தோடு திரும்பி வந்து முகப்பில் நிற்பார். அதற்குள் மதியம் ஆகிவிடும். அன்றைய சம்பளம் போயிற்று. குற்றத்தை ஒப்புக்கொண்டால் உடனே முடிந்துவிடும் என்று வெளித் தாழ்வாரத்தில் யாரோ ஒருவர் சொல்லியிருப்பார் (அப்படிச் சொல்ல அங்கே எப்போதும் ஒருவர் இருப்பார்). பையன் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவான். ஆனால் முடியாது. நன்னடத்தை அதிகாரியின் அறிக்கை வர வேண்டும். அதற்காகத் தேதியைத் தள்ளிவைப்பார்கள். அதிகாரி வீட்டுக்கு வருவார், பள்ளியில் விசாரிப்பார், அடுக்குமாடி முழுவதும் செய்தி பரவும். பத்திரிகை பெயர் போடாவிட்டால் என்ன, வாட்ஸ்அப் போட்டுவிடும். அடுத்த தேதி வருவதற்குள் பையன் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருப்பான். கடைசியில் கண்டித்து அனுப்புவார்கள், அல்லது நன்னடத்தைப் பிணை எழுதி வாங்குவார்கள், அல்லது அபராதம் போடுவார்கள். அபராதத்தை யார் கட்டுவார்? அம்மாதான்.

இத்தனையையும் நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்திருக்கிறேன். சொன்னதைச் சொல்லலாம், யோசனை சொல்லக் கூடாது. அது எங்கள் தொழிலின் விதி. சில நாட்கள் அந்த விதியைக் காப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஒரு பையன் பள்ளிக் கழிப்பறைக் கதவை உதைத்து உடைத்திருந்தான். எந்தப் பள்ளி, எந்த ஆண்டு என்று சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. அவன் அம்மாவுக்குப் பயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் துப்புரவு வேலை. கதவுக்கான பணத்தைத் தவணையில் கட்டிவிடுகிறேன் என்று பள்ளி அலுவலகத்திலேயே சொன்னாராம். யாரும் கேட்கவில்லை, புகார் ஏற்கெனவே போயிருந்தது. வழக்கு முடிவதற்குள் கதவின் விலையைவிட அதிகமான சம்பளத்தை அவர் இழந்திருப்பார். பையன் தாழ்வாரத்தில் என்னிடம் கேட்டதெல்லாம், "ஆன்ட்டி, அடுத்த வாரம் பரீட்சைக்குப் போகலாமா?" என்பதுதான். போகலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. அவனைப் பள்ளி எப்படி வரவேற்றது என்று எனக்குத் தெரியாது.

இதற்கு நேரெதிரான ஒன்றையும் சொல்கிறேன். இது நீதிமன்றத்துக்கு வராத கதை, ஆயர் ஈத்தாமில் எங்கள் குடியிருப்பில் நடந்தது. மூத்த மாணவர்கள் சிலர் ஒரு சிறுவனிடம் தினமும் செலவுக் காசைப் பறித்திருக்கிறார்கள். ஒரு நாள் கொடுக்கவில்லை என்று கன்னத்தில் அறைந்ததில் செவிப்பறை கிழிந்துவிட்டது. பெற்றோர் பள்ளிக்குப் போனார்கள். போலீஸ் வரைக்கும் போக வேண்டாம், பள்ளியின் பெயர் கெடும், சின்னப் பிள்ளைகள்தானே என்று காப்பி வாங்கிக்கொடுத்துச் சமாதானம் சொன்னார்கள். அடித்தவனும் அடிபட்டவனும் கட்டொழுங்கு ஆசிரியரின் அறையில் கைகுலுக்கிக்கொண்டார்கள். மருத்துவமனையில் காதைப் பார்த்த டாக்டர் வற்புறுத்திய பிறகுதான் அப்பா காவல் நிலையத்துக்குப் போனார்.

ஆக, கதவுக்குப் போலீஸ், காதுக்குக் கைகுலுக்கல். என் வாதம் இதுதான். மாணவர்களைத் தண்டிக்கிறோமா இல்லையா என்பதைவிட, யாரை எங்கே அனுப்புவது என்பதை எது முடிவு செய்கிறது என்று பாருங்கள். கதவு அரசாங்கச் சொத்து. உடைந்தால் கணக்குச் சொல்ல வேண்டும், புகாரின் நகல் இருந்தால் கணக்கு நேராகிவிடும். காது கிழிந்த செய்தி வெளியே போனால் தலைமையாசிரியர் கல்வி இலாகாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். செயலின் கடுமை முடிவு செய்யவில்லை, பள்ளியின் வசதிதான் முடிவு செய்கிறது. எல்லாப் பள்ளியும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் அப்படிச் செய்ய நினைக்கும் பள்ளியைத் தடுக்க வலுவாக எதுவும் இல்லை.

எனவே எது போலீஸுக்குப் போக வேண்டும், எது பள்ளியிலேயே முடிய வேண்டும் என்ற எல்லைக்கோட்டைக் கல்வி அமைச்சு பள்ளிகளின் கையில் விடக் கூடாது. தானே போட வேண்டும். ஆயுதம், சிகிச்சை தேவைப்படும் காயம், பாலியல் குற்றம், பணம் பறித்தல், போதைப்பொருள் விற்பனை: இவற்றில் பள்ளி அன்றே புகார் செய்தாக வேண்டும், மறைத்தால் மறைத்தவர் பதில் சொல்ல வேண்டும். 2025 அக்டோபர் 14ஆம் தேதி பண்டார் உத்தாமா பள்ளியில் பதினாறு வயது மாணவி கத்திக்குத்துக்குப் பலியானதையும், அதே மாதம் மலாக்காவில் ஒரு மாணவிக்கு வகுப்பறையில் நேர்ந்த பாலியல் கொடுமையையும் கட்டொழுங்கு என்ற தலைப்பில் யாரும் பேச முடியாது. அங்கே என்னிடம் தயவுதாட்சண்யம் கிடையாது. கோட்டுக்கு இந்தப் பக்கம் உள்ளவை, அதாவது உடைத்தது, திட்டியது, வேப் (மின்சிகரெட்) வைத்திருந்தது, ஆசிரியரை எதிர்த்துப் பேசியது எல்லாம் பள்ளியின் வேலை. போலீஸுக்கு அதில் வேலை இல்லை.

பள்ளியால் முடியவில்லை என்பார்கள். அதிலும் உண்மை உண்டு. 2017இல் சிரம்பானில் ஒரு மாணவனை அறைந்ததாக ஓர் ஆசிரியரை நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். பிறகு விடுவிக்கப்பட்டார் என்றாலும், அவர் நீதிமன்றத்துக்கு வந்த படத்தைப் பார்த்த ஆசிரியர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். முதலில் காவல் நிலையத்தின் வழியைக் காட்டியவர்கள் பெற்றோர்களாகிய நாமும்தான். ஆசிரியர் முறைத்தால் புகார், முடி வெட்டினால் புகார். இப்போது பள்ளியும் அதே வழியில் வருகிறது. நான் பிரம்பைத் திரும்பக் கொண்டுவரச் சொல்பவள் அல்ல. அது போகவும் இல்லை. 1959ஆம் ஆண்டின் கட்டொழுங்கு விதிகளின்படி தலைமையாசிரியரோ அவர் அதிகாரம் அளித்தவரோ மாணவனை அடிக்கலாம், மாணவியை அடிக்கக் கூடாது. ஆனால் கதவை உடைத்தவன் சனிக்கிழமை வந்து அதே கதவைப் பொருத்த உதவட்டும், அப்பாவும் கூட வரட்டும் என்று சொல்வதற்கு எந்தச் சட்டத் திருத்தம் வேண்டும்? ஆலோசக ஆசிரியருக்குக் கோப்பு எழுதும் வேலையைக் குறைத்துப் பிள்ளைகளோடு உட்காரும் நேரத்தைக் கூட்டுங்கள்.

நம் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. சிறார் நீதிமன்ற ஆலோசகர்கள் வழக்கறிஞர்களாக இருக்க வேண்டியதில்லை, பொதுமக்களிலிருந்து நியமிக்கப்படுபவர்கள். மாலை போட்டுக்கொள்ளும் மேடைகளில் இளைஞர் சீரழிவைப் பற்றி முழங்குபவர்கள் அந்த நாற்காலியில் அமர விருப்பம் தெரிவித்தால் பையன்களுக்குப் பயன் உண்டு. அங்கே மாலை கிடைக்காது.

அதுவரை பெற்றோர்களுக்குச் சில விஷயங்கள். போலீஸ் அழைத்தால் பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள். பிறப்புப் பத்திரத்தை எடுத்துச் செல்லுங்கள். வயது சரியாகப் பதிவாவது முக்கியம். கைதானவருக்கு வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கும் உரிமையை அரசியலமைப்புச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவு தருகிறது; பிள்ளைக்கும் அது உண்டு. வசதியில்லை என்றால் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞரைக் கேளுங்கள். தாழ்வாரத்து யோசனையைக் கேட்டு எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். குற்றச்சாட்டை வாசிக்கும்போது புரியவில்லை என்றால் தலையாட்டாமல் புரியவில்லை என்று சொல்லுங்கள், மறுபடியும் வாசிப்பார்கள். வாசிக்கிறவருக்குக் கோபம் வராது. அந்த வேலைக்குத்தான் அவருக்குச் சம்பளம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு