கோயில் கொடை முடியும்வரை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பற்றி, அப்புறம் ஒரு சுவரிதழ் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

போன திங்கட்கிழமை பஸ் ஸ்டாப்பில் நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் முந்தின நாள் ராத்திரி வைத்த ஸ்டேட்டஸ் அது. முப்பது விநாடி சாதிப் பாட்டு, பின்னால் அரிவாள் படம், கீழே "நாளைக்கு நாலரைக்கு பஸ் ஸ்டாப்புக்கு வாங்கடா" என்று ஒரு வரி. நாலரைக்கு இரண்டு தரப்பும் வந்துவிட்டது. டிரைவர் பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தியதால், ஒருவனுக்குப் புருவத்தில் மூன்று தையலோடு போயிற்று.

"பாட்டு போட்டதுக்கா சார் வகுப்புக்கு வெளியே நிறுத்துறீங்க? பேச்சுச் சுதந்திரம் கிடையாதா?" என்று அந்தப் பையனின் அப்பா கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

அரசியலமைப்பின் 19(1)(அ) அந்தச் சுதந்திரத்தைத் தருகிறது. பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்று 19(2) சொல்கிறது. எதுவரை? இடஒதுக்கீட்டை விமர்சித்த ஒரு தமிழ்ப் படத்தின் வழக்கில் 1989ல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. ஆபத்து நாமாகக் கற்பனை செய்துகொண்டதாக இருக்கக் கூடாது. வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறி மாதிரி, பேச்சோடு ஒட்டியே இருக்க வேண்டும். படம் ஓடலாம் என்றுதான் தீர்ப்பு. கலவரம் செய்வோம் என்று மிரட்டுகிறவர்களுக்காகப் பேச்சை அடக்கக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

வெறும் பாட்டு என்றால் கூப்பிட்டுப் பேசி விட்டிருப்பேன். (எனக்குப் பிடிக்காது, அது வேறு.) இதில் இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, அரிவாள் இருக்கிறது, கொடைக்குப் பத்தே நாள். 2023ல் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டியதாகப் பிடிபட்டவர்களும் பள்ளிப் பிள்ளைகள்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதில் தப்பு என்னுடையது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, தன் தெருவுக்கு மட்டும் சுடுகாட்டுக்குத் தனிப் பாதை ஏன் என்று சுவரிதழில் எழுதியிருந்தாள். "எடுத்துருங்க, இல்லாட்டி பிரச்சினை ஆகும்" என்று இரண்டு பேர் வந்து சொன்னார்கள். எடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் அவள் வந்து, "நான் யாரையும் திட்டலையே சார்?" என்றாள். திரும்பப் படித்தேன். திட்டவே இல்லை. பசையோடு உரித்ததில் ஒரு மூலை கிழிந்திருந்தது. அந்த நாலு வரியை அவளே மறுபடி எழுதிக் கொடுத்தாள், ஒட்டினேன். இனி யார் வந்து சொன்னாலும் எடுக்க மாட்டேன். பிரச்சினை ஆகும் என்றவர்களிடம் பேசவேண்டியது என் வேலை.

கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று என்னைக் கிண்டல் செய்து ஸ்டேட்டஸ் வைத்த பன்னிரண்டாம் வகுப்புக்காரர்கள் பயப்பட வேண்டாம். தாழ்ப்பாள் போட்டாயிற்று.

சரி, உங்களிடம் கேட்பது இதுதான். கொடை முடியும்வரை தினமும் ராத்திரி பிள்ளையோடு உட்கார்ந்து ஸ்டேட்டஸைப் பாருங்கள். அரிவாளோ, "வா பார்ப்போம்" என்பதோ இருந்தால் அழிக்கச் சொல்லிவிட்டு எனக்கு ஒரு போன் போடுங்கள், எந்நேரமானாலும். சாதிப் பகை மூட்டினால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. சிம் பெரும்பாலும் உங்கள் பெயரில் இருப்பதால் போலீஸ் முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். சாதியைக் காட்டும் வண்ணக் கைக்கயிறு கூடாது என்று, பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024ல் பரிந்துரைத்திருக்கிறது. அதையும் வீட்டிலேயே கழற்றி அனுப்புங்கள். வாசலில் நின்று கத்தரிக்க எனக்கு விருப்பமில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். இரண்டு பையன்களின் வீட்டாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்