பெற்றோரை விட்டுப் படிக்க வந்த பிள்ளைகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் அனைவரும் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நியூசிலாந்தில் உயர்நிலைப் பள்ளிக் கணக்கு ஆசிரியையாக எனக்கு இது இரண்டாவது ஆண்டு. என் வகுப்பிலுள்ள வெளிநாட்டு மாணவர்களைப் பற்றிப் போனில் கேட்டீர்கள். அன்று சொல்லி முடிக்க முடியாததால் எழுதுகிறேன்.

சீனா, ஜப்பான், தென் கொரியா, தாய்லாந்து, ஜெர்மனி போன்ற நாடுகளிலிருந்து பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் பெற்றோரை விட்டுவிட்டுத் தனியாக இங்கே படிக்க வருகிறார்கள். சிலர் ஒரு பருவத்தோடு திரும்பிவிடுகிறார்கள். சிலர் 13-ஆம் ஆண்டு வரை, அதாவது நம் பிளஸ் டூவுக்கு ஒப்பான வகுப்பு வரை, தங்கிவிடுகிறார்கள். அரசுப் பள்ளியில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பு இலவசம். இவர்கள் கட்டணம் செலுத்த வேண்டும். அந்த வருமானத்தைக் கொண்டுதான் பல பள்ளிகள் கூடுதல் ஆசிரியர்களை வைத்துக்கொள்கின்றன. சிலர் மட்டுமே விரும்பிப் படிக்கும் பாடங்களையும் கைவிடாமல் நடத்துகின்றன. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய எல்லை 2022 ஜூலை இறுதியில்தான் முழுமையாகத் திறந்தது. இடைப்பட்ட நாட்களில் இந்த வருமானம் வற்றிப்போனதைப் பற்றிச் சக ஆசிரியர்கள் இன்றும் கவலையோடுதான் பேசுகிறார்கள்.

ஆனால் என் மனத்தில் நிற்பது பணக் கணக்கு அன்று. என் வகுப்பில் ஒரு ஜப்பானிய மாணவியையும், கணக்கென்றாலே முகம் சுளிக்கும் ஓர் உள்ளூர் மாணவனையும் ஒரே மேசையில் உட்கார வைத்தேன். இரண்டு வாரம் இருவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் வாரம், 'அட் லீஸ்ட் ஐந்து', அதாவது 'குறைந்தது ஐந்து', என்றால் ஐந்தும் சேருமா என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவன் தன் பையிலிருந்து ஐந்து பேனாக்களை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்து, "இது போதும், இதற்குக் குறைந்தால் போதாது" என்று காட்டினான். அவள் உடனே 'விடப் பெரியது' என்பதற்கான > குறியைப் போட்டு, ஐந்தும் சேரும் என்று காட்ட அதன் அடியில் ஒரு கோட்டையும் இழுத்தாள். அந்தக் கோடு எதற்காக என்பது அவனுக்கே அன்றுதான் விளங்கியது, அப்பா! இப்போது கேள்வியை அவன் வாசித்து விளக்குகிறான். வழிமுறையை அவள் எழுதிக் காட்டுகிறாள்.

இது தானாக நடப்பதில்லை. உணவு இடைவேளையில் பாருங்கள், அவரவர் மொழிக்காரர்களோடு தனித்தனி வட்டமாக அமர்ந்துவிடுகிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் அவர்களைக் கடந்து போகிறார்கள். யாரிடமும் வெறுப்பில்லை, முதல் வார்த்தையைப் பேசத்தான் ஆளில்லை. இந்தப் பிள்ளைகளில் பலர் இங்குள்ள குடும்பங்களோடு தங்குகிறார்கள். அந்த வீட்டை முன்கூட்டியே பார்வையிட வேண்டும், அங்குள்ள பெரியவர்களின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும், மாணவரை அவ்வப்போது தனியே சந்தித்துப் பேச வேண்டும் என்று பள்ளிகளுக்கு அரசு விதி வகுத்திருக்கிறது. நல்ல விதிதான். ஆயினும் ஊர் நினைவில் இரவெல்லாம் விழித்துவிட்டு முதல் பாடவேளையில் கண் அயரும் பையனைக் கவனிக்க, பக்கத்தில் ஒரு நண்பன் வேண்டும். கட்டணம் வாங்கும் பள்ளி அந்த நட்புக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

நீங்கள் தலைமையாசிரியராக இருந்தபோது, விடுதி மாணவர்களையும் வீட்டிலிருந்து வருபவர்களையும் கலந்தே விளையாட்டு அணிகளைப் பிரிப்பீர்கள். அடுத்த பருவத்தில் அதேபோல் கணக்குக் குழுக்களை அமைக்க அனுமதி கேட்டிருக்கிறேன். தொடக்கத்தில் பிள்ளைகள் முரண்டு பிடித்தபோது என்ன செய்தீர்கள் என்று விரிவாக எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்