ஸ்பீக்கர் ஒயருக்குள் இருப்பது தாமிரம்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பணி ஓய்வுக்குப் பின் நாதஸ்வரக் கச்சேரிகளை வீட்டில் நிதானமாக உட்கார்ந்து கேட்க வேண்டும் என்ற நெடுநாள் ஆசையில், சென்ற மாதம் ஓர் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர்களும் வாங்கினேன். அவற்றை இணைக்கும் ஒயர் விஷயத்தில் நான் ஏமாந்தது பிறருக்கும் நேரக்கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

'சுத்தமான காப்பர்' என்று சொல்லி, கண்ணாடி போன்ற உறைக்குள் செந்நிறமாக மின்னிய தடித்த ஒயரைக் கடைக்காரர் பத்து மீட்டர் வெட்டிக் கொடுத்தார். வீட்டில் முனையைச் சீவியபோது பிளேடு பட்ட இடமெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. தாமிரம் வெங்காயத் தோல் கனத்துக்கு மேலே மட்டும் இருந்தது, உள்ளே முழுக்க அலுமினியம். கம்பி இழை ஒன்றை நாலைந்து முறை மடக்கியதும் ஒடிந்து கையோடு வந்துவிட்டது.

அலுமினிய ஒயரில் பாட்டே கேட்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே தடிமனுள்ள தாமிரத்தைவிட அதன் மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. தாமிர விலை கொடுத்தவருக்கு அதைத் தருவது மோசடி. மறுபுறம், மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்லப்படும் கேபிள்களும் வீட்டுக்குத் தேவையில்லை. ஒயரின் மொத்த மின்தடை ஸ்பீக்கரின் மின்தடையில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் போதும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 0.4 ஓம். ஐந்து மீட்டர் தூரத்துக்கு, போக வர இரு கம்பிகளையும் சேர்த்து, 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரின் மின்தடை சுமார் 0.13 ஓம்தான். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் பல இழைத் தாமிர ஒயரே இதற்குத் தாராளம். நான் இப்போது அதைத்தான் பொருத்தியிருக்கிறேன்.

சி.டி. பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஆர்.சி.ஏ. கேபிள் வேறு வகை. அதில் செல்லும் ஒலி சிக்னல் மிக மெல்லியது என்பதால் நல்ல உலோகக் கவசம் வேண்டும். கரண்ட் ஒயரை ஒட்டிப் போட்டால் 'உம்ம்' என்ற இரைச்சல் புகுந்துவிடும். ஸ்பீக்கர் இணைப்பிலோ சிவப்பும் கறுப்பும் ஒன்றில் மட்டும் மாறிவிட்டால், தவிலின் தொப்பி (குச்சியால் அடிக்கும் இடப்பக்கம்) எழுப்பும் கனத்த முழக்கமே மெலிந்து போகும். முதல் நாள் எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

வயரிங் ஒயரின் உறையில் ஐ.எஸ். 694 என்ற தர எண்ணும் சதுர மில்லிமீட்டர் அளவும் அச்சிடப்பட்டிருக்கின்றன. நான் வாங்கிய ஸ்பீக்கர் ஒயரில் ஓர் எழுத்துகூட இல்லை. உள்ளே இருக்கும் உலோகம் எது, குறுக்குவெட்டு அளவு எவ்வளவு என்ற இரண்டையும் ஒவ்வொரு மீட்டரிலும் அச்சிட வேண்டும் என்பதைக் கட்டாயமாக்குமாறு நுகர்வோர் நலத் துறையினரைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை வாங்குபவர்கள் கடையிலேயே ஓர் இழையைச் சீவிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மதுரை.