வராமல் போனவற்றுக்கு நன்றி

தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியர்களுக்கு வணக்கம்.

ஜன்னலோரப் படுக்கையில் இருந்த பஸ் ஓட்டுநரை உங்களுக்கு நினைவிருக்கும். அவருடைய மகள் எழுதுகிறேன். உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோய் பாதத்தில் மதமதப்பாகத் தொடங்கி, இடுப்பு, கை என்று ஏறி, மூச்சுத் தசைகளையும் முடக்கியபோது அப்பாவை உங்களிடம் கொண்டுவந்து சேர்த்தோம். மருத்துவர்கள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தை ஏற்றினார்கள். நரம்புகள் தேறும்வரை வென்டிலேட்டர் மூச்சைப் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். அவர்களுக்கும் எங்கள் நன்றி உண்டு. ஆனால் இந்த நோயில் தேறுவது வாரக்கணக்கில் நடக்கும் காரியம். அத்தனை வாரங்களிலும் அப்பாவுக்கு நிமோனியா வரவில்லை, முதுகில் படுக்கைப்புண் வரவில்லை, கருவிழியில் புண் வரவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் வந்த நோயைத்தான் எழுதுவார்கள்; வராததை எழுத அதில் இடம் கிடையாது. அதனால் நான் எழுதுகிறேன்.

அப்பாவின் தலைப்பக்கம் 30 டிகிரிக்குக் கீழே இறங்கி நான் பார்த்ததே இல்லை. மூக்குக் குழாய் வழியே போன உணவு மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். தொண்டைக் குழாயைச் சுற்றியிருக்கும் காற்றுப்பையின் அழுத்தத்தைச் சிறிய மானியை வைத்துப் பார்த்து, 20க்கும் 30 செ.மீ. நீர் அழுத்தத்துக்கும் நடுவில் நிறுத்துவீர்கள். குறைந்தால் எச்சில் கீழே கசியும், கூடினால் மூச்சுக்குழாயின் சுவருக்கு ரத்த ஓட்டம் தடைபடும் என்று பயிற்சி மாணவிக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தபோது நானும் பாடம் கேட்டேன். இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைப்பீர்கள். அதற்கு முன்னால் கருவியின் குழாயில் தேங்கிய நீர் அப்பாவின் பக்கம் ஓடிவிடாதபடி வடித்துவிடுவீர்கள். குதிகால் மெத்தையில் படாமலிருக்கக் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை. இமை முழுதாக மூடாததால் இரவில் கண்ணுக்கு மருந்து தடவி ஒட்டுப்போடுவது. வேளை தவறாமல் பல் துலக்கிவிடுவது வேறு. வீட்டில் அப்பா இரவில் பல் துலக்கி நாங்கள் பார்த்ததில்லை.

அப்பாவுக்கு நினைவு தெளிவாக இருந்தது, காது கேட்டது, வலி தெரிந்தது. விரலைக்கூட அசைக்க முடியவில்லை, அவ்வளவுதான். இதை நாங்களே அடிக்கடி மறந்து, கட்டிலருகில் நின்று அவரைப் பற்றி மூன்றாம் மனிதராகப் பேசினோம். நீங்கள் சளி உறிஞ்சும் ஒவ்வொரு முறையும், "அப்பா, இப்போது இருமல் வரும், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் குழாயை உள்ளே விட்டீர்கள்.

எழுத்துப் பலகை வைத்துப் பேசவைக்கலாம் என்று நான் இணையத்தில் படித்துவிட்டு வந்தேன். 247 எழுத்தையும் கண்ணசைவால் தேடச் சொன்னால் ஒரு வாக்கியம் முடிவதற்குள் பொழுது விடிந்துவிடும் என்று சிரித்தார் ஒரு சிஸ்டர். பழைய கேஸ் ஷீட் அட்டையின் பின்புறம் வலி, அரிப்பு, சளி, தாகம், புழுக்கம், குளிர், பயம் என்று எழுதி, ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார். விழி மேலே போனால் ஆமாம். முதல் நாளே 'அரிப்பு' என்ற இடத்தில் விழி உயர்ந்தது. எங்கே என்று உச்சந்தலையிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தார். நெற்றி இல்லை, மூக்கு இல்லை, வலது காது இல்லை. இடது காது! பஞ்சால் மெல்லத் துடைத்துவிட்டார். அப்பாவின் முகத்தில் தசை எதுவும் அசையவில்லை, ஆனாலும் நிம்மதி தெரிந்தது.

இன்னொன்று அப்பாவே பின்னால் சொன்னது. ஓர் இரவு அலாரம் அடித்து மூச்சு முட்டியதாம். ஓடிவந்த சிஸ்டர் முதலில் திரையைப் பார்க்காமல் அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாராம். உடனே கருவியைக் கழற்றிவிட்டு, கையால் ஆம்பு பையை அழுத்தி மூச்சுக் கொடுத்திருக்கிறார். குழாயை அடைத்திருந்த சளிக்கட்டி வெளியே வரும்வரை அப்பாவிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாராம். "மீட்டரைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறவள்" என்பது அவருக்கு அப்பா கொடுத்த சான்றிதழ். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்துக் கையாலேயே பையை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள் என்று பிறகு படித்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவு என்கிற ஏற்பாடு வளர்ந்ததே அங்கிருந்துதானாம்.

வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஆளுக்கொரு செவிலியர் வேண்டும் என்பது கணக்கு. உங்களில் ஒருவர் இரண்டு, மூன்று படுக்கைகளுக்கிடையே ஓடியதைப் பார்த்தோம். சிலர் இன்னும் தொகுப்பூதியத்தில் இருக்கிறீர்கள் என்றும் அறிந்தோம். நன்றி மடலில் இதெல்லாம் எதற்கு என்று அண்ணன் கேட்டான். இதை விட்டுவிட்டு எழுதினால் பாதி நன்றிதான் என்றேன்.

கை கால் மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்டுக்கும், தரையைத் துடைக்கும்போதெல்லாம் "ஓட்டுநர் ஐயா, இன்று எப்படி?" என்று கேட்ட தூய்மைப் பணியாளர் அம்மாவுக்கும் தனியாக வணக்கம்.

அப்பா இப்போது வாக்கர் பிடித்து வாசல்வரை நடக்கிறார். மூச்சுக்காகக் கழுத்தில் போட்டிருந்த துளை மூடிவிட்டது. குரல் மட்டும் கொஞ்சம் கரகரப்பு. அடுத்த மாதம் புறநோயாளிப் பிரிவுக்கு வருகிறோம். இரவுப் பணி சிஸ்டர்களை அப்பா அவர்களுடைய குரலால்தான் அறிவார், முகம் சரியாகப் பார்த்ததில்லையாம். அம்மா கைமுறுக்கு சுற்றி எடுத்து வருவார். உள்ளே தின்பண்டம் கொண்டுவரக் கூடாது என்பது தெரியும். பணி மாறும் நேரத்தில் கேன்டீன் வாசலில் நிற்கிறோம், வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓட்டுநரின் மகளும் குடும்பத்தாரும்