மேலாளருக்கு ஏன் என் நாடித்துடிப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு அல்சூரில் வசிக்கும் நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். ஊழியர் நலன் என்ற பெயரில் அங்கு எங்கள் அனைவருக்கும் ஸ்மார்ட் வாட்ச் கொடுத்தார்கள். கட்டாயமில்லை என்றுதான் சொன்னார்கள். ஆனால் குழுவில் எல்லோரும் கட்டியிருக்கும்போது ஒருவர் மட்டும் கழற்றி வைத்தால், எதையோ மறைக்கிறார் என்றே பேச்சு எழும்.

என் தாயாரின் பதினாறாம் நாள் காரியத்தை முடித்துப் பணிக்குத் திரும்பிய வாரத்தில், மேலாளர் என்னைத் தனியே அழைத்து, அந்த வாட்ச் கணித்துச் சொல்லும் என்னுடைய ‘ஸ்ட்ரெஸ் ஸ்கோர்’ (மன அழுத்த மதிப்பெண்) தொடர்ந்து உயர்ந்திருப்பதால் வேறு பொறுப்புக்கு மாறிக்கொள்கிறீர்களா என்று கேட்டார். அன்போடுதான் கேட்டார். ஆயினும், அலுவலகத்தில் யாரிடமும் காட்டிக்கொள்ளாமல் நான் அடக்கி வைத்திருந்த துக்கம் எனக்கு முன்பே அவருடைய கணினித் திரைக்குப் போய்ச் சேர்ந்திருந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

இக்கருவிகள் தோலில் பச்சை ஒளியைப் பாய்ச்சி நாடித்துடிப்பையும், துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் மாறுவதையும் கணக்கிடுகின்றன. சில கருவிகள் வியர்வையால் தோலின் மின்கடத்தல் மாறுவதையும் அளக்கின்றன. காய்ச்சல் கண்டாலும், பேருந்தைப் பிடிக்க ஓடினாலும் இதே அளவுகள் மாறும் என்பதால், இவை மனநிலைக்கு உறுதியான சான்றுமல்ல. பொய் கண்டறியும் கருவி அளப்பதும் பெரும்பாலும் இவற்றைத்தான். அந்தச் சோதனையை ஒருவருடைய சம்மதமின்றி நடத்தக் கூடாது என்று, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காவல்துறையின் விசாரணையில் இருப்பவருக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு ஏன் இல்லை?

தனியுரிமை அடிப்படை உரிமையே என்ற 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குக் காரணமான வழக்கைத் தொடுத்தவர், கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி புட்டசாமி. அதன் பிறகு வந்த 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, உடல்நலம், மனநலம் பற்றிய தகவல்களுக்கு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழான 2011 விதிகள் தந்திருந்த ‘உணர்திறன் மிக்க தரவு’ என்ற தனி வகைப்பாட்டைக் கைவிட்டுவிட்டது. பணி தொடர்பான நோக்கங்களுக்காக ஊழியரின் ஒப்புதலின்றியே தரவைக் கையாள அதன் 7-ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் நீங்கலாக, பணியிடத்திலும் கல்விக்கூடத்திலும் உடல்சார் தரவுகளைக் கொண்டு செயற்கை நுண்ணறிவால் உணர்வுகளைக் கணிப்பது 2025 பிப்ரவரி முதல் தடைசெய்யப்பட்டுள்ளது.

உடலிலிருந்து ஊகிக்கப்படும் உணர்வுத் தரவுகள் நிறுவனத்தின் கைக்குப் போகாமல் அணிந்திருப்பவரிடம் மட்டுமே இருக்கும்படி மத்திய அரசு அந்த 7-ஆம் பிரிவைத் திருத்த வேண்டும். தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் இத்தனை பேர் வாழும் கர்நாடகத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை அவையில் எழுப்ப வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு.