கொழுந்துக் கணக்கைத் திருத்தியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பின் அதிபர்களுக்கும் சக ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும், எங்களுக்குத் தோள்கொடுத்த மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு நான்கு தேயிலைத் தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளத் தொடங்கினோம். முதலில் ஒரு சீ.ஆர். கொப்பியில், அதாவது கெட்டி அட்டை போட்ட பெரிய கொப்பியில், எழுதினோம். பிறகு எல்லோரும் சேர்ந்து எழுதும் ஒரு வலைப்பதிவுக்கு மாறினோம். சென்ற வாரம் அதில் இருநூறாவது பதிவு ஏறியது. அதை எழுதியவர், கணினியைத் தொடவே மாட்டேன் என்று முதல் நாள் கதவருகிலேயே நின்றுவிட்ட எங்கள் சங்கீத ஆசிரியை. அதை வாசித்த இரவு, யார் யாருக்கெல்லாம் இன்னும் நன்றி சொல்லாமல் இருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணியவர்களில் பாதிப் பேர் பாடசாலைக்கு வெளியே இருப்பவர்கள். அதனால்தான் இந்த மடலை எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்துக்கு வெளியே இருந்து இதை வாசிப்பவர்களுக்கு எங்கள் நிலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோட்ட நிர்வாகங்களின் கையில் இருந்த பாடசாலைகளை 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. கட்டடங்கள் வந்தன, ஆசிரியர்கள் வந்தார்கள். ஆனாலும் சிறிய பாடசாலைகளில் ஒரு பாடத்துக்கு ஒரே ஆசிரியர்தான். சில இடங்களில் இரண்டு தரங்களை ஒரே அறையில் வைத்துப் பல்தர வகுப்பாக நடத்துகிறோம். பின்னம் படிப்பித்தது சரிவரவில்லை என்றால் யாரிடம் கேட்பது? அடுத்த பாடசாலை எதிர்மலையில் கண்ணுக்குத் தெரியும். அங்கே போய்ச்சேர இரண்டு பஸ் மாற வேண்டும். கருத்தரங்குகளிலும் பரீட்சைக் கடமையிலும் சந்தித்துக்கொள்வோம். அங்கே இடமாற்றத்தைப் பற்றிப் பேசுவோம், சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம். தரம் 4 பிள்ளைக்குக் கழித்தல் ஏன் விளங்கவில்லை என்று பேச நேரம் இருக்காது, துணிவும் இருக்காது.

இதற்கு முன்பும் எங்களுக்குக் கணினிப் பயிற்சி கிடைத்தது. யார் நடத்தியது என்பது இங்கே முக்கியமல்ல. நாள் முழுவதும் திரையில் படங்கள் ஓடின. மாலையில் சான்றிதழும், கடவுச்சொல் எழுதிய ஒரு துண்டும் தந்தார்கள். திங்கட்கிழமை வந்தபோது எழுத எங்களிடம் ஒரு வரியும் இருக்கவில்லை. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்லித்தந்தார்கள். எதை, யாருக்காக எழுதுவது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அதைக் கேட்டவர் எங்கள் ஆரம்பக் கல்வி ஆசிரிய ஆலோசகர் அம்மா. என் முதல் நன்றி அவருக்கு. அவர் கணினியோடு வரவில்லை. நூற்றறுபது பக்க சீ.ஆர். கொப்பி ஒன்றைக் கொண்டுவந்தார். முதல் பக்கத்தைத் தானே எழுதியிருந்தார். அதை எனக்கு மனப்பாடமாகத் தெரியும்:

"இன்று தரம் 4இல் மணி பார்க்கப் படிப்பித்தேன். நாற்பது நிமிடமும் நானே பேசினேன். கடைசியில் ஒரு பிள்ளை, 'பெரிய முள் ஏன் மிஸ் சின்ன முள்ளைவிட வேகமாக ஓடுகிறது?' என்று கேட்டது. நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். மணி அடிக்க இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. நீங்கள் என்றால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?"

எங்கள் பாடக்குறிப்புகளில் சிவப்பு மையால் ஒப்பமிடுபவர் அவர். முப்பது வருட அனுபவம் உள்ளவர். அவரே தன் வகுப்பில் தடுமாறியதை நீல மையில் எழுதி எங்கள் கையில் கொடுத்துவிட்டார். அன்று மாலையே அதன் கீழ் இரண்டு பதில்கள் எழுதப்பட்டன. ஒருவர் அட்டையில் கடிகாரம் வெட்டும் விதத்தை வரைந்திருந்தார். மற்றவர், "கோயிலைச் சுற்றும்போது அப்பா பன்னிரண்டு சுற்று முடிப்பதற்குள் குட்டித் தம்பி ஒரு சுற்றுத்தான் முடிக்கிறான் என்று பிள்ளைகளை நடக்கவிட்டுக் காட்டுவேன்" என்று எழுதியிருந்தார். அம்மா, அந்த மூன்று நிமிடத்தை நீங்கள் மறைத்திருந்தால் எங்களில் ஒருவரும் பேனையைத் திறந்திருக்க மாட்டோம்.

அந்தக் கொப்பி பாடசாலைக்குப் பாடசாலை போனது எப்படி என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்கு ஓடும் ஒரு தனியார் பஸ்ஸின் நடத்துநர் தம்பிதான் அதைக் கொண்டுபோனார். செவ்வாய்க்கிழமை ஏற்றிவிடுவோம். சந்திக் கடையில் இறக்கிவைப்பார். பருவமழைக் காலத்தில் ஒரு நாள் மண்சரிந்து வீதி அடைபட்டது. கொப்பியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய், இரண்டு பொலித்தீன் பைக்குள் சுற்றி வைத்து, அடுத்த நாள் காலை கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பக்கம்கூட நனைந்திருக்கவில்லை. ஒரு சதமும் வாங்க மறுத்துவிட்டார். தம்பி, நீங்கள் சுமந்த கொப்பிகள் மூன்றும் எங்கள் நூலக அலுமாரியில் பத்திரமாக இருக்கின்றன.

கொப்பியில் ஒரு குறை இருந்தது. ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் இருக்கும். கேள்வி எழுதிவிட்டுப் பதிலுக்கு மூன்று வாரம் காத்திருந்தோம். வாட்ஸ்அப் போதாதா என்று கேட்டவர்கள் உண்டு. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது அதையும் செய்து பார்த்தவர்கள் நாங்கள். காலை வணக்கப் படங்களுக்கும் மரண அறிவித்தல்களுக்கும் நடுவில் செயலட்டைகள் மேலே மேலே போய் மறைந்தன. அடுத்த தவணையில் தேடியபோது ஒன்றும் அகப்படவில்லை. வலைப்பதிவில் தரம், பாடம், தேர்ச்சி என்று குறிச்சொல் இட்டுவைத்தால், இன்று எழுதியதை அடுத்த வருடம் வரப்போகும் புதிய ஆசிரியரும் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் அதற்கு மாறியதற்கு இதுதான் காரணம்.

மாறுவது எளிதாக இருக்கவில்லை. மூத்தவர்கள் எல்லோரும் வினாத்தாள் அடித்து அடித்துப் பாமினி எழுத்துருவில் விரல் பழகியவர்கள். அதில் அடித்த பாடத்தை வலைப்பதிவில் ஒட்டியதும் தமிழ் முழுவதும் மறைந்து, ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக நின்றன. மெய்யெழுத்தின் புள்ளி இருந்த இடத்தில் எல்லாம் அரைப்புள்ளி. இருபது வருடக் குறிப்புகள் அழிந்துபோயின என்று நினைத்து ஒரு ஆசிரியை கண்கலங்கிவிட்டார். அப்போது எங்கள் தகவல் தொழில்நுட்ப ஆசிரியர், வயதில் எங்கள் எல்லோருக்கும் தம்பி, வெண்கட்டியை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போனார். ஆங்கில எழுத்துக்கு உரிய இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருப்பதுதான் பாமினி என்றார். அந்த எழுத்துரு இல்லாத இடத்துக்குப் போனால் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே வந்துவிடும். ஒருங்குறியிலோ (யூனிகோட்) தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் உண்டு. "பாமினியில் தமிழ் அடுத்தவர் வீட்டில் குடியிருக்கிறது. ஒருங்குறியில் அதற்குச் சொந்தப் பெயரில் உறுதி இருக்கிறது" என்றார்.

லயத்தில், தோட்டத்துக்குச் சொந்தமான வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்கள் நிறைந்த அறை அது. காணி உறுதி என்றால் என்னவென்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தம்பி அதோடு நிற்கவில்லை. பழைய குறிப்புகளை எழுத்துரு மாற்றியில் போட்டு ஒவ்வொன்றாக மீட்டுக் கொடுத்தார். பாமினி விசை அமைப்பிலேயே அடித்து ஒருங்குறியில் பெறும் மென்பொருளை எல்லாக் கணினிகளிலும் நிறுவினார். ஐம்பது வயதில் புதிய விசைப்பலகையைப் பழக வேண்டிய பயம் அன்றோடு போனது.

அதிபர் ஐயாவுக்கு நன்றி சொல்லும்போது என் குரல் தழுதழுக்கும். நல்லவேளை, எழுதுகிறேன். "இங்கே எழுதப்படும் எதுவும் எந்த ஆசிரியரின் மதிப்பீட்டுக் கோப்புக்கும் போகாது" என்று எழுதிக் கையொப்பமிட்டு, ஆசிரியர் ஓய்வறையின் சுவரில் நீங்கள் ஒட்டிவைத்தீர்கள். மற்ற அதிபர்களும் அதே தாளில் ஒப்பமிட்டார்கள். பிள்ளையின் பெயரும் முகமும் வரக் கூடாது, அழைக்கப்பட்ட ஆசிரியர்கள் மட்டுமே வாசிக்கலாம் என்பவையும் உங்கள் நிபந்தனைகள். இருவர் இருவராக உட்காரவைத்தீர்கள். ஒருவர் வகுப்பில் நடந்ததைச் சொல்ல மற்றவர் தட்டச்சு செய்வார்; அடுத்த வாரம் இடம் மாறுவார்கள். இவை எல்லாவற்றையும்விடப் பயன் தந்தது நேரசூசிக்குக் கீழே நீங்கள் எழுதிய ஒரு வரி என்பது என் எண்ணம்: "அருமை என்று மட்டும் பின்னூட்டம் இடாதீர்கள். ஒரு கேள்வி கேளுங்கள்."

அந்த வரிதான் என்னைத் திருத்தியது. அதை விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

தரம் 5இல் நிறை படிப்பித்தேன். சீனிப் பக்கெட்டுக்குப் பதிலாகப் பிள்ளைகளுக்குத் தெரிந்த தேயிலைக் கொழுந்தையே எடுப்போம் என்று இப்படி ஒரு கணக்குக் கொடுத்தேன்: அம்மா காலையில் 8 கிலோ, பகலில் 9 கிலோ, மாலையில் 6 கிலோ கொழுந்து பறித்தார். கூடைக்கு 2 கிலோ கழித்தால் நிகர நிறை எவ்வளவு? விடை 21 என்று வைத்திருந்தேன். பதினொரு பிள்ளைகள் 17 என்று எழுதியிருந்தார்கள். பதினொரு கொப்பிகளிலும் பிழை போட்டேன். கூட்டல் பிழையா, கழித்தல் பிழையா என்று எனக்கு விளங்கவில்லை. நான் கம்பளை நகரத்தில் வளர்ந்தவள்; கொழுந்து நிறுப்பதை வீதியில் நின்று பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். அன்றிரவு, "பாதி வகுப்புக்குக் கழித்தல் வரவில்லை, என்ன செய்யலாம்?" என்று பதிவிட்டேன்.

பொகவந்தலாவைப் பக்கத்து ஆசிரியை ஒருவர் ஒரே வரியில் கேட்டார்: "ஏன் 17 என்று பிள்ளைகளிடம் கேட்டீர்களா அக்கா?"

கேட்கவில்லை. மறுநாள் கேட்டேன். பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து, "மூன்று தடவை நிறுப்பார்கள் மிஸ். மூன்று தடவையும் கழிப்பார்கள்" என்றது.

எட்டும் ஒன்பதும் ஆறும் இருபத்து மூன்று. இரண்டு இரண்டாக மூன்று தடவை போனால் பதினேழு. என் பிள்ளைகளுக்குக் கழித்தல் நன்றாகவே தெரிந்திருந்தது. வீட்டில் அம்மா விளக்கைக் கொளுத்தி வைத்துக்கொண்டு போட்டுப் பார்க்கும் கணக்கை அவர்கள் கேட்டுக்கொண்டே வளர்ந்திருக்கிறார்கள்.

நடந்ததை அப்படியே எழுதினேன். அந்தப் பாடம் அதன் பிறகு ஊர் ஊராகப் போனது. வலைப்பதிவுக்கு மாறிய பிறகு எங்களோடு சேர்ந்த கந்தப்பளைப் பக்கத்துப் பாடசாலையில் அதே கணக்கை லீக்ஸ், கரட் மூட்டைகளுக்கு மாற்றினார்கள். இன்னொரு பாடசாலையின் கணித ஆசிரியர் கழிவு நூற்றுக்கு எத்தனை வீதம் என்று தரம் 8க்கு எடுத்துச் சென்றார். எட்டிலிருந்து இரண்டு போவதும் ஆறிலிருந்து இரண்டு போவதும் ஒன்றல்ல என்று அந்த வகுப்பு கண்டுபிடித்தது: முதலாவது 25 வீதம், மற்றது 33 வீதத்துக்கும் மேல். குறைவாகப் பறித்த நேரத்தில்தான் கழிவின் வீதம் கூடுகிறது. நான் தனியாக இருந்திருந்தால் அந்த இடத்துக்கு ஒருபோதும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டேன்.

இன்னும் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும். சனிக்கிழமைகளில் கணினி அறையைத் திறந்து, மழை நாளில் கூரை ஒழுகும் இடத்துக்கு வாளி வைத்துக்கொண்டு நின்ற காவலாளி ஐயாவுக்கு. கொழும்பில் புடைவைக் கடையில் வேலை செய்தபடி மாதம் தவறாமல் எங்கள் இணைய இணைப்புக்கு ரீலோட் போட்டுவிடும் எங்கள் பழைய மாணவருக்கு. ரொட்டியும் கட்டச்சம்பலும் செய்து கொடுத்தனுப்பிய கடைக்கார அக்காவுக்கு. தோட்டத்தின் மேல் பிரிவுக் கோயில் வளைவில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால், மாலையில் நாங்கள் அங்கே தொலைபேசியும் கையுமாக நிற்கும்போது விளக்கைப் போட்டுவிடும் பூசகர் ஐயாவுக்கு. பல்தர வகுப்பு நடத்திய காலத்துக் குறிப்புகளைப் பெட்டியோடு தூக்கித் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்கு. ஐயா, பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் வரிசையை நீங்கள் வரைந்திருந்தபடியே இப்போது இரண்டு பாடசாலைகளில் செய்கிறார்கள். எங்கள் வீடுகளில் இரவுச் சாப்பாடு பிந்தியதைப் பொறுத்துக்கொண்ட எல்லோருக்கும்.

கடைசியாக, அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு. கணக்கு நடந்த அதே வாரம், மலையிலிருந்து இறங்கி, இடுப்பில் கட்டிய நனைந்த படங்கைக்கூட அவிழ்க்காமல் வகுப்பு வாசலில் வந்து நின்றீர்கள். உள்ளே வரச் சொன்னேன். தரை சேறாகிவிடும் என்று மறுத்துவிட்டீர்கள். சட்டைக்குள்ளிருந்து ஒரு சிறிய பையை எடுத்து, நிறுவைத் துண்டுகளை ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்தீர்கள். "மழை நாளில் தண்ணீருக்கென்று இன்னும் கழிப்பார்கள் டீச்சர். அதையும் கணக்கில் போடுங்கள்" என்றீர்கள். அன்றிரவே போட்டேன். இருபத்து மூன்றாம் பதிவின் கடைசி வரி உங்களுடையது. நீங்கள் சொன்ன சொல் மாறாமல் அங்கே இருக்கிறது. பதினொரு கொப்பிகளையும் திருப்பி வாங்கிப் பிழையை வெட்டிச் சரி போட்டேன். முதலில் எடுத்தது உங்கள் மகளின் கொப்பியை.

நன்றியுடன்,
தரம் 5 வகுப்பாசிரியை,
நுவரெலியா மாவட்டம்