கருங்கல்லுக்குக் காசு கொடுத்தேன், குளியலறை ஓடு வந்தது

பெறுநர்: மேலாளர், ரெடிமிக்ஸ் கான்கிரீட் நிறுவனம்
பொருள்: சொல்லாமல் கலந்து அனுப்பிய இடிபாட்டுக் கல்

ஐயா,

சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (வீட்டுக் குடியிருப்பில்) வசிக்கிறேன். கார் போர்ச்சுக்குத் தளம் போட, போன மாதம் உங்களிடம் 4 கன மீட்டர் கிரேட் 25 வலுவுள்ள கான்கிரீட் வாங்கினேன். கருங்கல் ஜல்லி என்றுதான் விலை பேசினோம். டிஓவிலும் (சரக்கோடு வந்த டெலிவரி சீட்டு) அப்படித்தான் இருக்கிறது.

மூன்றே வாரத்தில் தளம் அங்கங்கே பொரிந்து எழுந்தது. ஒரு சில்லைப் பெயர்த்துப் பார்த்தேன். உள்ளே விரல் நீளத்துக்கு நீலக் குளியலறை ஓடு! பக்கத்தில் பழைய சிமிண்டுச் சாந்து ஒட்டிய கல், ஒரு மரச் சிராய், நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும் வெள்ளைத் துண்டு. பிளாஸ்டர் ஜிப்சம் என்கிறார் என் குத்தகையாளர். அது ஈரத்தில் சிமிண்டோடு சேர்ந்தால் வீங்கும்.

இடித்த கட்டடத்துக் கல்லே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஈப்போ பக்கத்து மலைகள் கல்லுக்காக உடைபட்டுக் கரைவதைப் பார்த்து வளர்ந்தவன்தான். பிரிட்டனின் பி.எஸ். 8500 தரநிலைகூட சாதாரணக் கான்கிரீட்டின் பெருஜல்லியில் 20 விழுக்காடு வரை பழைய கான்கிரீட்டை நொறுக்கிய கல்லை அனுமதிக்கிறது. ஆனால் சலித்து, மரமும் ஜிப்சமும் பொறுக்கி எடுத்த கல்லாக இருக்க வேண்டும். வாங்குபவனிடம் சொல்லவும் வேண்டும்.

அப்புறம் தண்ணீர் விவகாரம். பழைய சாந்து ஒட்டிய கல் கருங்கல்லைவிடப் பல மடங்கு தண்ணீர் குடிக்கும். முன்கூட்டியே நனைத்து வைத்துத்தான் கலக்க வேண்டும். உங்கள் ஆட்கள் நனைக்கவில்லை போலிருக்கிறது. லோரி வந்து நின்றபோது கலவை இறுகிப்போய் இருந்தது. ஓட்டி வந்த தம்பி, "ஒன்னும் ஆகாது அங்கிள்" என்று சொல்லிக்கொண்டே டிரம்முக்குள் குழாயைத் திறந்துவிட்டார். குத்தகையாளர் கத்தி நிறுத்துவதற்குள் நிறையத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. இப்படிக் கண்மூடித்தனமாகத் தண்ணீர் சேர்த்தால் கிரேட் 25 எப்படி நிற்கும்?

உங்கள் செலவில் தளத்தைத் துளையிட்டு மாதிரி எடுத்துச் சோதியுங்கள். வலு குறைவாக இருந்தால் உடைத்து, புதிதாகப் போட்டுத் தர வேண்டும். எந்தக் கல், எத்தனை விழுக்காடு என்று எழுத்தில் தாருங்கள். 14 நாளில் பதில் இல்லையென்றால் 5 ரிங்கிட் கட்டிப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போடுவேன்.

கார் இப்போது ரோட்டோரம் வெயிலில் நிற்கிறது. அந்த நீல ஓட்டுத் துண்டை ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் வந்தால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்